கணினியின் பேட்டரி செல்லை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகள் விடுதிக்குப் போனபின் வீடு வெறிச்சோடிக் கிடப்பதாக எழுதியிருந்தாய். தீபாவளிக்கு வந்துவிடுவாள், பொறு.

கணினிக் கடிகாரம் வாரத்துக்கு நாலைந்து நிமிடம் பின்தங்குகிறது என்றாயே, எப்போது பின்தங்குகிறது? ஓடும்போதா, அணைத்திருக்கும்போதா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அணைத்தபின் நேரத்தைக் காப்பது மதர்போர்டிலுள்ள, அதாவது கணினியின் முதன்மைப் பலகையிலுள்ள கடிகாரம். மின்சாரம் இல்லாதபோது அதை ஓட்டுவது அங்கேயே இருக்கும் காசு வடிவச் சிறு பேட்டரி செல். விண்டோஸ் எழும்போது அதைப் பார்த்துக்கொண்டு, பிறகு தானே எண்ணத் தொடங்கும்.

அந்தக் கடிகாரத்தின் க்ரிஸ்டல் நொடிக்கு 32,768 முறை அதிரும். நல்ல நிலையிலேயே பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகலாம். அதாவது நாளுக்கு 1.7 நொடி. 25 டிகிரியை விட்டு விலகினால், சூடோ குளிரோ, மெதுவாகத்தான் போகும். ஆனாலும் 45 டிகிரியில் கூடுதலாகப் போவது நாளுக்கு ஒரு நொடி சொச்சம். வாரம் நாலு நிமிடத்துக்கு வெயிலின் மேல் பழி போட முடியாது.

சனி இரவு பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் நேரத்தைச் சரியாக வை. சேமித்து, அணைத்து, சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடு. அதை மறக்காதே: ஸ்விட்ச் போட்டிருந்தால், கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி தரும் ஸ்டாண்ட்பை மின்சாரமே கடிகாரத்தை ஓட்டும், செல்லின் குறை வெளியே தெரியாது. திங்கள் காலை விண்டோஸுக்குப் போகாமல் நேரே பயாஸைப் பார். நிமிடக்கணக்கில் பின்தங்கியிருந்தால் செல்தான். தினமும் மெயினை அணைக்கிற நம் வழக்கத்தில் அது சீக்கிரமே தீரும். மல்டிமீட்டரில் புதிய செல் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.8க்குக் கீழே போனால் மாற்று.

வாங்க வேண்டியது சிஆர் 2032: 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். கடையில் சிஆர் 2025ஐத் தலையில் கட்டிவிடுவார்கள்; அது 2.5 மி.மீ.தான், தொடர்பு தளர்ந்துபோகும். கழற்றும் முன் பயாஸ் பக்கங்களைப் படமெடுத்துக்கொள், முக்கியமாக சாட்டா மோடை (கணினி வட்டோடு பேசும் முறை). அது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெக்கவரி கீயையும் எடுத்து வை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, பக்கவாட்டுக் கிளிப்பைத் தள்ளினால் பழையது எழும்பிவிடும். எழுத்துள்ள பக்கம் மேலே வரட்டும்.

திங்கள் காலை பயாஸில் நேரம் சரியாகவே இருந்தால் செல் வாங்காதே; பிசகு விண்டோஸில். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் டைமை ஆட்டோமேட்டிக்காக்கி, நேர அமைப்பில் 'சிங்க் நௌ' அழுத்து; இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளும். தோற்றால், அந்த நேரம் வந்து சேரும் இணைய வழியான யுடிபி 123ஐ ஃபயர்வால் மறிக்கிறதா என்று பார். வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் தானாகத் திருத்த மறுக்கும். கையால் ஒருமுறை வைத்துவிட்டுத்தான் சிங்க் செய்ய வேண்டும்.

ஒரேயடியாக ஐந்தரை மணி நேரம் மாறினால் அது வேறு கதை. அதே கணினியில் லினக்ஸும் இருக்கிறதா? அது மதர்போர்டு கடிகாரத்தை வழக்கமாக உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே நம் நேரமாகப் படிக்கும்.

திங்கள் காலை பார்த்ததை எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்