செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன. சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டோம்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை, மதுரை தெற்கு வெளி வீதி பஸ் ஸ்டாப் தொடர்பாக நான் எழுதிக் கொடுத்த மனு. பஸ் ஒதுங்க வேண்டிய இடத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. பஸ் நடுரோட்டில் நிற்கிறது. பூக்கூடையோடு ஏற வரும் அம்மாவுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே டூவீலர் புகுந்து போகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஏறுவதற்கே வழியில்லாதபோது அந்தச் சலுகை யாருக்குப் பயன்படும்? ஸ்டாப்பில் கார் நிறுத்தத் தடை, மற்ற இடங்களில் மணிக்கணக்குப்படி கட்டணம், அந்தப் பணத்தில் நிழற்குடையும் நடைபாதையும். இவையே நம் கோரிக்கை.

"எங்க காரை எங்கே விடுறது?" என்று உறுப்பினர்கள் சிலர் என்மேல் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். இரண்டு கார் நிற்கும் நீளத்தில் ஒரு டவுன் பஸ் நிற்கும். அதில் ஐம்பது பேர் போகலாம். நிலத்தின் மதிப்புக்கு ஏற்ற பார்க்கிங் கட்டணம் வாங்கி மக்களைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்ப வேண்டும் என்று மத்திய அரசின் 2006 நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளில் வண்டிகளுக்குத் தடை போட்டபோதும் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இன்று அங்கே குழந்தைகளைக் கையை விட்டு நடக்க விடுகிறோம். திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகும் என்றார் ஒருவர். மெட்ரோ வரும்போது வரட்டும். ஒரு ஸ்டாப்பைக் காலி செய்ய அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

மனு கொடுக்கப் போன அன்று வருவதாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. துணைத்தலைவரும் நானும் மட்டும் நின்றதைப் பார்த்த அதிகாரி, "சங்கத்துல இவ்வளவு பேர்தானா சார்?" என்று கேட்டார். மனசு கஷ்டமாக இருந்தது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு போகச் சிறு தொகை கையிருப்பில் உள்ளது. பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி.

மண்டபம் தந்தவருக்கும், பந்தலுக்கு உதவிய இளைஞர்களுக்கும், முகாம் நடத்திய மருத்துவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே தொடர வேண்டும் என்று தலைவர் கேட்டிருக்கிறார். கொடுத்த மனுவுக்கு ஆதரவாகக் கையெழுத்து நிறைந்தால் தொடர்கிறேன். கையெழுத்துத் தாள் பொருளாளர் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் போட்டுவிடுங்கள். பாக்கிச் சந்தாவையும் அங்கேயே கட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்