பூனையின் வாலடியில் ஒட்டியிருக்கும் ‘அரிசி’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூனைக்குப் பூச்சி மாத்திரை என்று கேட்டால், மனிதர்களுக்கான 400 மி.கி. ஆல்பெண்டசோலை எடுத்து நீட்டும் மெடிக்கல் ஷாப்கள் இன்னும் இருக்கின்றன. ‘பாதி கொடுங்க, போதும்’ என்று யோசனை வேறு. 3 கிலோ பூனைக்கு அந்தப் பாதியே கிலோவுக்கு 65 மி.கி.யைத் தாண்டிவிடும். எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைத்துவிடக்கூடிய மருந்து அது. இத்தனைக்கும், பூனை வளர்ப்பவர்கள் பதறிப்போய்க் கேட்கும் புழுவுக்கு அது ஏற்ற மருந்தும் அல்ல.

அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் நாடாப்புழுவின் துண்டுகளை. வாலுக்கு அடியில், ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியில், பூனை படுத்த துணியில் ஒட்டியிருக்கும். புதிதாக விழுந்தது வெள்ளரி விதை போல வெளுப்பாக, சுருங்கிச் சுருங்கி நகரும். காய்ந்தால் பழுப்பேறி அரிசிக் குருணை போலாகிவிடும். முட்டைகள் இந்தத் துண்டுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் மலப் பரிசோதனையில் பல நேரம் தப்பிவிடுகின்றன. ‘டெஸ்ட்டில் ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் நம்பிவிட வேண்டாம். துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்கு பிராசிகுவான்டல் என்ற நாடாப்புழு மருந்து வேண்டும். பூனைக்கென்றே வரும் கூட்டு மாத்திரையில் பிராசிகுவான்டல் 20 மி.கி., உருண்டைப்புழுவுக்கான பைரன்டெல் 230 மி.கி. இருக்கும், 4 கிலோ எடைக்கு ஒன்று, 2 கிலோவுக்குப் பாதி. எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். பட்டினி போடத் தேவையில்லை. உடைத்த மாத்திரை கடுங்கசப்பு. நாக்கில் பட்டதும் பூனை நுரை தள்ளும். விஷம் ஏறிவிட்டது என்று அலற வேண்டாம். உடைந்த பக்கத்தில் துளி வெண்ணெய் தடவி, நாக்கின் அடிப்பக்கத்தில் வைத்து, ஊசியில்லா சிரிஞ்சில் சிறிது தண்ணீர் விட்டால் இறங்கிவிடும். செத்த நாடாப்புழு குடலிலேயே செரித்துப்போவதால் மலத்தில் ஒன்றும் தெரியாது. ‘ஒரு புழுகூட விழலையே’ என்று மறுநாளே இன்னொன்று கொடுப்பது தவறு.

மூன்றே வாரத்தில் மறுபடி அரிசி தெரிகிறதா? குற்றம் மாத்திரையில் இல்லை, தெள்ளுப்பூச்சியில் இருக்கிறது. நாடாப்புழு முட்டையைத் தின்று வளர்ந்த தெள்ளுப்பூச்சியைப் பூனை உடம்பை நக்கும்போது விழுங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் குடலில் புதுப் புழு தயார். பிராசிகுவான்டல் அன்றிருக்கும் புழுவைக் கொல்லுமே தவிர, நாளை வருவதைத் தடுக்காது. சீப்பால் வாரி, விழும் கருந்தூளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. பூனைக்கான சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டு, படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி, வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வந்து செத்தே போகும். நாய்க்கு அதைப் போட்டிருந்தாலும் காயும்வரை பூனையை அருகே விடாதீர்கள். எலி பிடிக்கும் பூனைக்கு வேறொரு நாடாப்புழு எலியிலிருந்து வரும், அதற்கும் பிராசிகுவான்டல்தான்.

குட்டிகளின் கதை வேறு. தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு ஏறிவிடும். ஒட்டிய உடம்பும் உப்பிய வயிறுமாக இருக்கும் குட்டி, சேமியா போன்ற புழுவை வாந்தி எடுக்கும். பிறந்த 3 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொரு முறை, பால் மறந்த பிறகும் இரண்டு வாரம் வரை, பின்பு 6 மாதம் ஆகும்வரை மாதம் ஒரு முறை, எடைக்கேற்ற பைரன்டெல் சிரப், தாய்க்கும் சேர்த்து. மருந்து அடியில் தங்கும். பாட்டிலை நன்றாகக் குலுக்காவிட்டால் முதல் குட்டிக்கு வெறும் இனிப்பு நீரும் கடைசிக் குட்டிக்கு மருந்துக் குழம்பும்தான் போகும். மேலே சொன்ன கூட்டு மாத்திரை 6 வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு ஆகாது. பூண்டு அரைத்து ஊட்டுவதும் வேண்டாம். அது பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுத்திருந்தால் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். அப்போது மாத்திரை தேடி அலையாமல், அன்றைய மலத்தில் கோலிக்குண்டு அளவு எடுத்துக்கொண்டு, பூனையையும் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கே போய்விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்,
கோவை