ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து அத்தைக்கு

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்,
ஆஸ்திரேலியா,
ஜூலை மாதம்.

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. போனில் நான் கத்துவதும் நீங்கள் "என்னடி, என்னடி" என்பதுமாகப் பாதிப் பேச்சு வீணாகிறது, நீங்கள் கடிதம் போட்டதே சரி. பதில் போடாததற்குத் திட்டியதும் சரி. "சாப்பாட்டுக் கதை வேண்டாம், அந்தப் பாலைவனத்தில் பொம்பளைங்க எப்படிப் பிள்ளை பெறுகிறார்கள், அதை விவரமாக எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள். கிராம சுகாதார நர்ஸ் (வி.எச்.என்.) வேலையிலிருந்து ரிட்டயர் ஆனாலும் உங்கள் புத்தி சப் சென்டரை விட்டு வராது.

குளிரை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து வந்தவர்களை ஜூலை ராத்திரி பிடித்து உலுக்கிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. கறிவேப்பிலைக் கன்று உறைபனியில் கருகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அடியில்லாத படகு ஒன்று செய்துகொண்டிருக்கிறார். ஆகஸ்டில் இங்கே டாட் ஆற்றில் படகுப் போட்டி. ஆற்றில் தண்ணீர் கிடையாது, படகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓட வேண்டும். 1993-ல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் போட்டியை ரத்து செய்தார்களாம். மாமாவிடம் சொல்லுங்கள், நம்பமாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். தெற்கு நகரங்களிலிருந்து மிட்வைஃப் மாணவிகள் கல்விப் பயணமாக வந்திருந்தார்கள். ஊர் ஊராகக் கிளினிக் பார்க்கும் அந்தக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். ஆனால் நான் இங்கே வெறும் நர்ஸ், பிரசவம் பார்ப்பதாக ஊரில் சொல்லிவிடாதீர்கள். நம் ஊர்ப் படிப்பில் நர்ஸும் மிட்வைஃபும் ஒரே பதிவில் வரும். இங்கே இரண்டும் தனித்தனிப் பதிவு. மிட்வைஃபுக்குத் தனித் தேர்வு, செய்முறைத் தேர்வுக்கு அடிலெய்டு போக வேண்டும். கட்டணம் கொஞ்சம் கூடுதல். அடுத்த வருஷம் பார்க்கலாம், அவசரமில்லை.

நம் பக்கம் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டி வருவோம். இங்கே நேர்மாறு. யூயெண்டுமு என்று ஒரு ஊர், நான் இருக்கும் இந்த டவுனிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். கின்டோர் இன்னும் மேற்கே, 500-க்கும் மேல். அங்கெல்லாம் இருக்கும் வார்ல்பிரி, பின்டுபி என்ற பூர்வகுடிப் பெண்களை 36 முதல் 38 வாரத்துக்குள் தாயிடமிருந்தும் பெரியம்மாக்களிடமிருந்தும் பிரித்து டவுனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊர்க் கிளினிக்கில் ஆபரேஷன் தியேட்டர் கிடையாது, ரத்த வங்கி கிடையாது. உதிரப்போக்கு ஆரம்பித்தால் விமானம் புறப்படவே நேரமாகும், அதற்கு மேல் பறக்கும் நேரம். அந்தக் கணக்கைப் பார்த்தால் அனுப்புவதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. ஆனால் அவள் விடுதியில் இரண்டு, மூன்று, நான்கு வாரம் உட்கார்ந்திருக்கிறாள். மூத்த பிள்ளைகள் ஊரில். துணைக்கு ஒருவர் வருவதென்றால் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். சிலர் வலி வரும்வரை ஊரிலேயே ஒளிந்துகொள்கிறார்கள், சிலர் வந்துவிட்டுத் திரும்ப ஓடிவிடுகிறார்கள்.

இங்கேதான் தேதிக் கணக்கு முக்கியமாகிறது. முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்தால் சில நாள் வித்தியாசத்துக்குள் தேதி சொல்லிவிடலாம். கடைசி மூன்று மாதத்தில் முதல் முறையாக எடுத்தால் இரண்டு மூன்று வாரம்கூடத் தப்பலாம். முன்னால் தப்பினால் விடுதியில் வீணாகக் காத்திருப்பாள், பின்னால் தப்பினால் ஊரிலேயே வலி கண்டுவிடும். அதனால் முதல் ஸ்கேனுக்கு வர வைப்பதுதான் கிளினிக்கின் பெரிய வேலை.

அப்படி ஊரிலேயே பிறந்துவிட்டால் செய்வது நீங்கள் செய்ததேதான். துணியால் துடைத்துத் தாயின் மார்போடு போட்டு மூடு, உள்ளே இன்னொரு பிள்ளை இல்லையென்று வயிற்றைத் தொட்டு உறுதி செய், ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடு. இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. கோடையில் வெளியே 40-ஐத் தாண்டும், கரண்ட் போனால் ஃபிரிட்ஜில் இருக்கும் மருந்தின் வீரியமும் போகும். ஊசி போட்டும் கருப்பை இறுகவில்லை என்றால் மருந்தைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. பிறகு மூத்திரப்பையைக் காலி செய்வது, வயிற்றின் மேல் தேய்ப்பது, மிசோபிரோஸ்டால் 800 மைக்ரோகிராம், டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் பத்து நிமிஷத்தில் நரம்பு வழியாக. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் அதற்குப் பலன். இதற்கிடையே டவுனில் இருக்கும் டாக்டரோடு போனில் பேசியபடி இருக்க வேண்டும்.

விமானம் ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸுடையது, 1928-ல் ஆரம்பித்தது. இங்கே பறப்பது பிலாட்டஸ் பி.சி.-12, ஒற்றை எஞ்சின், உள்ளே இரண்டு ஸ்ட்ரெச்சர் போடலாம். கூடவே பறக்கும் நர்ஸ் மிட்வைஃபாகவும் இருக்க வேண்டும், அதனால் நான் ஏற முடியாது, நீங்கள் பயப்பட வேண்டாம். இறங்குமுன் ஊர்க்காரர் யாராவது வண்டியில் ஓடுபாதை முழுக்கப் போய் கங்காரு, மாடு, கழுதையை விரட்டிவிட வேண்டும். குறைமாத வலி என்றால் ஏற்றுமுன் நிஃபெடிபைன் கொடுத்து வலியை அடக்கி, பிள்ளையின் நுரையீரலுக்கு பீட்டாமெத்தசோன் 11.4 மில்லிகிராம் ஊசி, 24 மணி கழித்து இன்னொன்று. நம் டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. வேலை ஒன்றுதான். பிள்ளை வரும் நிலையில் இருந்தால் ஏற்றவே கூடாது. அந்த இடுக்கில் பிரசவம் பார்ப்பதைவிடத் தரையில் பார்ப்பது மேல்.

உங்களிடம் நிறையப் பேச வேண்டியது இதயத்தைப் பற்றி. இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் நம் ஊரிலும் உண்டு, ஆனால் இத்தனை இளம் தாய்மாரிடம் வால்வு சுருங்கிக் கிடப்பதை இங்கேதான் பார்க்கிறேன். நெருக்கமான வீடுகள், தொண்டையிலும் தோலிலும் அடிக்கடி வரும் ஸ்ட்ரெப் கிருமி, அதுதான் ஆரம்பம். கர்ப்பத்தில் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது, நாடியும் வேகமாகிறது. சுருங்கிய மைட்ரல் வால்வு வழியாக அத்தனையும் இறங்க நேரம் போதாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. கேட்க வேண்டியது, ராத்திரி படுத்தால் இருமல் வருகிறதா, எத்தனை தலையணை வைக்கிறாய் என்பது. பிள்ளை பிறந்த உடனே கருப்பை சுருங்கி ரத்தம் மொத்தமாக இதயத்துக்குத் திரும்பும் நேரமும் மோசம். இந்தப் பெண்களுக்குக் கருப்பையைச் சுருக்கும் மெத்தர்ஜின் வகை மருந்து கூடவே கூடாது. செயற்கை வால்வு வைத்தவர்களை 1500 கிலோமீட்டர் தள்ளி அடிலெய்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

இதற்குத் தடுப்பு நம் பெனிடூர் எல்.ஏ. 12 என்ற பெனிசிலின் ஊசிதான். 12 லட்சம் யூனிட், 28 நாளுக்கு ஒரு முறை, கர்ப்பத்திலும் நிறுத்தக் கூடாது. நாள் தள்ளினால் அத்தனை நாளும் பாதுகாப்பு இல்லை. நமக்குப் பொடியில் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும், ஊசி அடைத்துக்கொள்ளும். இங்கே சிரிஞ்சிலேயே நிரப்பி வருகிறது. வலி அதே வலிதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் போடாமல் அறைச் சூட்டுக்கு வர விடுகிறார்கள், ஸ்பிரிட் காயும்வரை பொறுக்கிறார்கள், போடும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்துகிறார்கள், பிறகு மருந்தை இரண்டு மூன்று நிமிஷம் மெல்ல இறக்குகிறார்கள். ஒரே குத்தாகப் போட்டால் அடுத்த 28-ஆம் நாள் அவள் வரமாட்டாள். இதை நம் ஆரம்ப சுகாதார நிலையப் (பி.எச்.சி.) பெண்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், காசு செலவில்லாத சமாச்சாரம்.

சர்க்கரையும் அப்படித்தான், மிக இளவயதிலேயே வந்துவிடுகிறது. அதனால் 24 வாரம் வரை காத்திராமல் முதல் வருகையிலேயே எச்.பி.ஏ.1சி. என்ற சர்க்கரை ரத்தப் பரிசோதனை. நம் ஊரில் அவள் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140-ஐ எட்டுகிறதா என்று பார்ப்போம். இங்கே வெறும் வயிறு, இரண்டு மணி உட்கார்ந்திருந்து பல முறை ரத்தம். தூரத்து ஊரில் இதைக் கேட்டால் வந்தவள் பாதியில் எழுந்து போய்விடுவாள். குழாயில் எடுத்த ரத்தம் டவுனுக்குப் போய்ச் சேருமுன் அதில் இருக்கும் அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், ரிசல்ட் குறைத்துக் காட்டும். நம் முறையே தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. இவர்கள் சர்க்கரையை அளக்கும் அலகும் வேறு, நம் 140-ஐ 7.8 என்பார்கள். அதை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும்.

இனி மருந்தில் இல்லாதவை. பிரசவம் பெண்கள் சமாச்சாரம், ஆண் வாசல் தாண்டக் கூடாது. அன்றைக்கு டியூட்டியில் ஆண் நர்ஸ் மட்டும் என்றால் கர்ப்பிணி ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்க மாட்டார்கள், பேச மாட்டார்கள். ஒரே வண்டியில் இருவரையும் ஏற்றினால் யாராவது ஒருவர் இறங்கிவிடுவார். செத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, அதே பெயர் உள்ளவரையும் வேறு பெயரில்தான் கூப்பிட வேண்டும். ரிஜிஸ்டரைப் பார்த்து உரக்கப் பெயர் கூப்பிடுவது பெரிய தப்பு. காய்ச்சல் உண்டா, வலி உண்டா, ரத்தம் படுகிறதா என்று அடுக்கிக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" வரும், மரியாதைக்காக. ஒன்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சித்தி, பெரியம்மா எல்லாருமே அவர்களுக்கு அம்மா. அதைப் புரிந்துகொள்ள வெள்ளைக்கார மாணவிகள் படம் போட்டுப் படித்தார்கள், எனக்கு அவசியப்படவில்லை.

ஆஸ்பத்திரிப் பயமும் சும்மா வந்ததல்ல. கலப்புப் பிள்ளைகள் என்று சொல்லி அரசாங்கமே தாயிடமிருந்து பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போன நாடு இது. 1997-ல் அதைப் பற்றி அறிக்கை வந்தது, 2008 பிப்ரவரி 13-இல் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இன்றைக்கும் செக்கப்புக்கு வராதவளை நாம் கோபமாகக் கேட்டால், பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் அவள் காதில் விழும்.

தங்கள் வழக்கப்படி பார்க்க வேண்டும் என்று பூர்வகுடிப் பாட்டிமார்தான் முதலில் சண்டை போட்டுக் கேட்டார்கள். 1980-களில் இந்த ஊரில் அலுகுரா என்று பெண்களுக்கே ஒரு இடம் எழும்பியது, காங்கிரஸ் என்ற பூர்வகுடி சுகாதார அமைப்பின் கீழ். நம் காங்கிரஸ் இல்லை, மாமா குழம்பிவிடப் போகிறார். 1993-ல் ஊர்ப் பெரிய பெண்களையே கர்ப்பிணிகளைக் கவனிக்கும் வேலையில் சேர்க்கும் திட்டமும் வந்தது. பிரிஸ்பேனில் 2013 முதல், கர்ப்பம் தொடங்கிப் பிள்ளை பிறந்த பிறகும் ஒரே மிட்வைஃப் கூட இருக்கும்படி பூர்வகுடி அமைப்புகளும் ஒரு ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்திப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் குறைமாதப் பிறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு என்று 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. மருந்து எதுவும் புதிதில்லை, அத்தை. ஒரே முகம், கூடவே சொந்தக்காரர்கள், அவ்வளவுதான். பிரசவ வார்டில் கூட ஒருத்தி நிற்கட்டும் என்று நீங்கள் டாக்டரோடு மல்லுக்கு நின்றது நினைவிருக்கிறதா?

டவுனில் பெற்றுத் திரும்பியதும் பாட்டிமார் தாய்க்கும் பிள்ளைக்கும் புகை காட்டுவார்கள். தணலில் பச்சை ஈமு புதர் இலை, சில இடத்தில் சுட்ட கரையான் புற்று மண், மேலே தண்ணீர் தெளித்து இளஞ்சூடான புகை. தாயின் இடுப்புக்கும் முதுகுக்கும் ஒற்றடம் மாதிரி. ரத்தப்போக்கு அடங்கவும் பால் ஊறவும் என்கிறார்கள். இலையைச் சுடும்போது கிருமியை அடக்கும் பொருள் ஒன்று உண்டாவதை ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலோ பிரசவித்தவளுக்கு ஜில்லென்று சாண்ட்விச். அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் பேறுகால மருந்துதான் ஞாபகம். சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய் மேலே மிதக்க நீங்கள் கிண்டுவீர்களே, சித்திக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கும் எனக்கும் ஒரு உருண்டை உருட்டுவீர்களே. பிள்ளை பெறாவிட்டால் என்ன, அதில் ஒரு உருண்டை எனக்கு வேண்டும் அத்தை. ராத்திரி டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீட்டில் எந்த வாசனையும் இல்லை.

சரி, அதை விடுங்கள். மாசமாக இருக்கும் மல்லிகாவுக்கு ஹீமோகுளோபின் 8.2 என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையை டீயோடு விழுங்குகிறாளா என்று பாருங்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் பி.எச்.சி.யில் நரம்பில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை முதல் டெஸ்ட் நார்மல் என்றாலும் 24 வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வளைகாப்பை அவள் மாமியார் இஷ்டப்படியே வைக்கட்டும், ஆனால் பேறுகாலத்துக்கு நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று இப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அப்பா கண் ஆபரேஷனைத் தீபாவளிக்குப் பிறகு என்று தள்ள வேண்டாம். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவாக இருக்கும், டாலர் விலை சரியில்லை, வேறொன்றுமில்லை. சீட்டுக் கட்டுவது மட்டும் தவற வேண்டாம். மேலத்தெரு மனை விஷயத்தில் செந்தில் எதிலும் கையெழுத்துப் போடுமுன் வில்லங்கச் சான்று எடுக்கச் சொல்லுங்கள், 30 வருஷத்துக்கு. பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், போன தடவை கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டான்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
தேன்மொழி