ஞாயிறு கூட்டம்: குடிக்கிறவங்களோட வீட்டார் கவனத்துக்கு

வணக்கம். இந்த ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு வழக்கமான மாடியில்தான் கூட்டம். ஆரப்பாளையம், மாட்டுத்தாவணியில் இறங்கி வர்றவங்க 4:45-க்கே வந்துருங்க. பாதியில ஆள் நுழைஞ்சா பேசுறவங்களுக்கு வாய் அடைச்சிருது, அதனால 5-க்குக் கதவைச் சாத்திருவோம்.

ஒருத்தருக்கு 4 நிமிஷம். குறுக்கே புத்திமதி வேண்டாம். கேட்டது வாசப்படி தாண்டக்கூடாது. இந்தக் குழுவிலும் பேர், குரல்பதிவு எதுவும் போடாதீங்க. குடிக்கிறவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வராதீங்க, இது நமக்கான நேரம்.

பலர் கேட்ட விஷயம்: குடிக்கிறவருக்குத் தெரியாம சாம்பார்ல குடியை நிறுத்துற மாத்திரை கலக்கலாமா? கூடவே கூடாது. அந்த மாத்திரை, அதாவது டைசல்ஃபிராம், உள்ளே இருக்கிறது தெரியாம அவர் குடிச்சா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரைக்கு அப்புறமும் 2 வாரம் வரை அதோட வேகம் இருக்கும். டாக்டர் சொல்லி, அவரே சம்மதிச்சுச் சாப்பிட்டாத்தான் அது மருந்து.

ரூமில் பூட்டி வைக்கிறதும் வேண்டாம். தினமும் நிறையக் குடிச்சவர் சட்டுனு நிறுத்தினா 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம். 2-லிருந்து 4-ஆம் நாளுக்குள்ள உளறல், சுவத்துல பூச்சி ஊர்றதா சொல்றது வந்தா வேப்பிலை அடிச்சுட்டு நிக்காம 108-ஐக் கூப்பிடுங்க. நிறுத்துறதுக்கு முன்னாடியே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டிருங்க. யோசனை கேட்க போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை.

டம்ளர் கொண்டு வாங்க, டீ உண்டு.