மத்திய வங்கிகளின் பணக்கொள்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நிர்ணயிக்கும் அடிப்படை வட்டியை ஏற்றினால் விலைவாசி அடங்கும் என்று சொல்கிறீர்கள். அடங்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் யாருடைய கைச்செலவைச் சுருக்கி அடங்கும், எத்தனை மாதத்தில் அடங்கும் என்பதை மட்டும் அறிக்கையின் பின்பக்கங்களில் தேட வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 2022 மார்ச் முதல் 2023 ஜூலைக்குள் வட்டி பூஜ்ஜியத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5.25–5.50 சதவீதத்துக்குப் போனது. அங்கே வீட்டுக் கடன் பெரும்பாலும் 30 ஆண்டுக்கு ஒரே வட்டி. ஏற்கெனவே கடன் வாங்கியவரின் மாதத் தவணை அசையவே இல்லை. புதிதாக வீடு தேடியவர்தான் மாட்டிக்கொண்டார். பழைய மலிவுக் கடனை விட மனமில்லாமல் பலர் வீட்டை விற்காமல் வைத்திருக்க, விற்பனைக்கு வந்த வீடுகளும் குறைந்துபோயின. ஆஸ்திரேலியாவில் 2022 மே மாதத்துக்கு முன் 0.10 சதவீதமாக இருந்த வட்டி, 2023 நவம்பரில் 4.35 ஆனது. ஏற்றம் அமெரிக்காவைவிடக் குறைவுதான். ஆனால் அங்கே மாறும் வட்டிக் கடன்களே அதிகம். சில மாதங்களிலேயே தவணை கூடி, குடும்பங்கள் மற்ற செலவுகளை வெட்டின. சின்ன ஏற்றம் பெரிய அடியாக விழுந்தது.

ஒரே நாட்டுக்குள்ளும் இதே கதைதான். கடன் வட்டியை உடனே கூட்டும் வங்கிகள், சேமிப்புக் கணக்கின் வட்டியைக் கூட்ட அவசரப்படுவதில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

தொழிலைத் தூண்ட வட்டியைக் குறைக்கும்போது அது இன்னும் பலவீனமான கருவி. விற்பனை இருக்காது என்று அஞ்சும் தொழில் நிறுவனம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கடன் வாங்காது. ஜப்பான் பூஜ்ஜியத்தை ஒட்டிய வட்டியுடன் பல ஆண்டுகள் இருந்தும் பணவீக்கம், அதாவது விலைவாசி உயரும் வேகம், மத்திய வங்கி வைத்த இலக்கு அளவுக்குக்கூட உயராமல் தவித்தது. அப்புறம், 2022இல் உக்ரைன் போரால் எரிபொருளும் தானியமும் விலை ஏறியபோது, உங்கள் வட்டியால் ஒரு மூட்டை கோதுமையைக்கூடக் கூடுதலாக விளைவிக்க முடியவில்லை. தேவையைக் குறைக்க முடிந்தது, அவ்வளவுதான்.

வட்டியைத் தொடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முடிவோடும் மூன்று விவரங்களை அறிவியுங்கள்: அடுத்த மூன்று மாதத்தில் தவணை மாறப்போகும் கடன்கள் எத்தனை, நிலையான வட்டிக் காலம் முடிந்த பிறகே மாறுபவை எத்தனை, முந்தைய ஏற்றத்தில் சேமிப்பவருக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, எல்லோருக்கும் புரியும் மொழியில்.

இப்படிக்கு,
மாறும் வட்டியில் கடன் கட்டிவரும் ஒருவர்