சைலன்சரைப் பார்க்கிறார்கள், பிரேக்கை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைப்பாதையில் மாடிஃபைட் கார்கள் போடும் சத்தத்தைப் பற்றியும் அவற்றை மேட்டுப்பாளையத்திலேயே மடக்க வேண்டும் என்றும் வாசகர்கள் உங்களுக்கு எழுதுகிறார்கள். சத்தம் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் கோத்தகிரி பக்கம் ஒர்க்‌ஷாப் நடத்தும் எனக்கு அந்தக் கார்களில் பயம் தருவது சைலன்சர் இல்லை, பிரேக். சோதனையில் சைலன்சரைப் பார்க்கிறார்கள், கறுப்பு ஃபிலிமைப் பார்க்கிறார்கள், நம்பர் பிளேட்டைப் பார்க்கிறார்கள். பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒருவரும் பார்த்து நான் கண்டதில்லை.

கீழேயிருந்து வரும் பையன்கள் முதலில் கை வைப்பது இன்ஜினில்தான். இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து பவரைக் கூட்டுவார்கள், எக்ஸாஸ்ட் மாற்றுவார்கள், பெரிய அலாய் வீல் போடுவார்கள், பிரேக்குக்கு வரும்போது பணம் தீர்ந்துவிடும். அப்புறம் என்ன, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட், சிலர் அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர் வேறு. அந்தக் கவர் காற்று படுவதைக் குறைத்து, இருக்கிற பிரேக்கையும் கெடுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காரை நிறுத்தும் அதே டிஸ்க்தான் 80-இல் வருகிறபோதும் அந்த நான்கு மடங்கைச் சுமக்க வேண்டும்.

சமவெளியில் பிரேக்கை ஒருமுறை மிதித்துவிட்டால் அது ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். இங்கே கிடைக்காது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஆட்களோடு ஒன்றேகால் டன் இருக்கும் ஒரு கார் இந்த 1,900 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் சக்தி 60 லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், செகண்ட் கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம்தான் டிஸ்க்குக்கும் அதில் உரசும் பேடுக்கும் வரும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அந்த இன்ஜின் பங்கும் சேர்ந்து பிரேக் தலையிலேயே விழும். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டரில் வேக்கம் (வெற்றிடம்) இருக்காது, பெடல் கல்லாகிவிடும்.

சரி, பிரேக்கை மேம்படுத்த நினைப்பவர்கள் எதில் தொடங்குவது? ஆயிலில். இதைச் சொன்னால் பையன்களின் முகம் சுருங்குகிறது, வெளியே தெரியாத செலவு அல்லவா. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. அந்தத் தரம் குறைந்தபட்சமாகக் கேட்பது, டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் 140. டாட் 4 என்றால் 230, 155. டாட் 5.1 என்றால் 260, 180. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும், ஆவி நசுங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அந்த நேரத்தில் ஏபிஎஸ்ஸும் கைகொடுக்காது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காலிப்பராக இருந்தாலும் அதேதான். பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கின்றன, இரண்டு மழைக்காலமும் மூடுபனியும் உள்ள எங்கள் மலையில் நான் வருடம் ஒருமுறை மாற்றச் சொல்கிறேன். ஒன்றை மறக்க வேண்டாம், டாட் 5 என்பது சிலிகான் ஆயில், பெயர் ஒத்திருக்கிறது என்று அதை டாட் 4-உடன் கலந்துவிடக் கூடாது.

அடுத்தது பேட். இங்கேயும் ஒரு ஆசை வழிதவற வைக்கிறது, ரேஸ் பேட் வேண்டும் என்பார்கள். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறவருக்கு அது சரி, ஏனென்றால் அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் கடிக்கும். மார்கழிக் காலையில் உறைபனி படிந்த ஊட்டியில் காரை எடுத்து முதல் வளைவில் மிதித்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். ரோட்டுக்கென்றே செய்த நல்ல பேட், கம்பெனி அளவிலேயே தரமான டிஸ்க், பழைய ரப்பர் ஹோஸ் உப்பியிருந்தால் புதிது, இவை போதும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, தொடர்ந்து சூடேறினால் அந்தத் துளைகளிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர் என்று போகிறவர்களுக்கு: முன்னால் மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் பழைய டிரம்மை அப்படியே விட்டால் பிரேக் பிடிப்பின் முன்பின் பங்கீடு மாறும். பின்பக்கத்தைக் கூட்டி அது முன்னதாக லாக் ஆனாலோ கொண்டை ஊசி வளைவில் வண்டி சுழன்றுவிடும். காலிப்பர் பிஸ்டன் பெரிதானால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் அதற்கு ஏற்றதாக வேண்டும், இல்லாவிட்டால் பெடல் ஆழமாக இறங்கும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் எதையும் மாட்டினால் விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. நான் மேலே சொன்ன ஆயிலுக்கும் பேடுக்கும் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கு என் கோரிக்கை இதுதான். பிரேக் ஆயிலில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் பேனா மாதிரி ஒரு கருவி கடைகளில் கிடைக்கிறது, மூடியைத் திறந்து முக்கினால் சில நொடியில் விளக்கு எரியும். சீசன் நாட்களில் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இறக்கம் தொடங்குகிற இடத்தில் அதோடு ஒரு மெக்கானிக்கை நிறுத்துங்கள், மாடிஃபைட் கார் மட்டுமில்லை, வாடகை வேனையும் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அபராதம் வேண்டாம், ஆயில் மாற்றிய பிறகு இறங்கட்டும். நீலகிரிக்கு வர இ-பாஸ் வாங்குகிறவர்களின் போனுக்கே செகண்ட் கியரில் இறங்குங்கள், நியூட்ரல் வேண்டாம் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆள் தேவைப்பட்டால் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளைக் கேளுங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் நடத்தும் வாசகர்,
அரவேனு, கோத்தகிரி