கருப்பட்டிக்கும் கணக்கு உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் உணவுப் பக்கக் கட்டுரையில், வெள்ளைச் சீனியை வீட்டை விட்டே துரத்துங்கள், அதற்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தது. சீனியைக் குறைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்ற சொல்லைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அந்த அறிவுரையை நம்பி ஒரு வருடம் நடந்த வீடு எங்களுடையது.

என் பிறந்த வீடு உடன்குடிப் பக்கம். கருப்பட்டிக் காபி குடித்து வளர்ந்தவள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானே மரம் ஏறிப் பதநீர் இறக்கியதுபோல் சந்தோஷப்பட்டேன். அதனால் கருப்பட்டியைப் பழிக்க வந்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் மாமியாருக்கு வயது 76. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று வருடத்துக்கு முன் சீனி டப்பாவை ஒழித்துவிட்டு, வீட்டில் எல்லாருக்கும் இனிமேல் கருப்பட்டிதான் என்று மாற்றினோம். 'இது உடம்புக்கு நல்லதாச்சே' என்ற தைரியம் வந்துவிட்டது. அத்தையின் இரண்டு காபி நான்கானது. சீனி என்றால் ஒரு ஸ்பூனோடு கை நிற்கும். கருப்பட்டியைத் தட்டிப் போடும்போது அப்படி எந்த அளவும் கிடையாது, உடைந்த துண்டு எதுவோ அது டம்ளருக்குள் போகும். அடுத்த பரிசோதனையில் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.4இலிருந்து 8.6க்கு ஏறியிருந்தது. "ஒரு டம்ளருக்கு எத்தனை கிராம் போடுறீங்கம்மா?" என்று மருத்துவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு டம்ளருக்கு 15 கிராம். நாலு டம்ளருக்கு 60.

இந்த 60 எவ்வளவு பெரியது என்று அப்புறம்தான் புரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வரம்பு சொன்னது. நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சேர்த்துக்கொள்ளும் இனிப்பின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு முதல் அளவு 50 கிராம், இரண்டாவது 25 கிராம், அதாவது சுமார் ஆறு டீஸ்பூன். நாம் கையால் போடுகிற எந்த இனிப்பும் இந்தக் கணக்கில் வரும், அது வெள்ளையாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும். தேனும் பழச்சாறும்கூட வரும். முழுப் பழத்தில் இருப்பதும் வெறும் பாலில் இருப்பதும் வராது. நோய் இல்லாதவர்களுக்கே இதுதான் வரம்பு. அத்தை சாப்பிடுவது 2,000 கலோரிகூட இல்லை. காபியிலேயே எல்லையைத் தாண்டியிருந்தார், தாண்ட வைத்தது நான்.

கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். கொஞ்சம் இருக்கிறது, உண்மை. ஆனால் அதிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இரும்புச்சத்து வேண்டுமென்றால் கீரை, கேழ்வரகு, பயறு எல்லாம் இருக்கின்றன. கருப்பட்டியை ருசிக்காகச் சாப்பிடுவோம், மருந்து என்று நினைத்து அல்ல. இன்னொன்று, சீனி கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் ஓடுகிறது என்பது பனையேறிகளே சொல்லிவரும் குறை. நல்லதைத் தேடி வாங்குகிறவர்கள் பாவம்.

இன்னொரு பக்கம் முழுத்தடை. அதையும் நாங்கள் செய்து பார்த்தோம். 8.6 வந்த பயத்தில் அத்தைக்கு இனிப்பே கிடையாது என்று வீடே சேர்ந்து முடிவு செய்தது. ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் வைத்த ஜிலேபியை, "அத்தைக்குச் சுகர், வேண்டாம்" என்று நான்தான் எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை ஒன்றும் சொல்லாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்துத் தலையணை உறையை மாற்றும்போது உள்ளே இரண்டு கிரீம் பிஸ்கட் பாக்கெட். ஊருக்கே முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கொடுத்த மனுஷி, ஒளித்து வைத்துச் சாப்பிடும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டோமே என்று அன்றைக்கு அழுதேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். காபி இரண்டு வேளை. ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு இரண்டு கிராம் என்று குறைத்ததில், நாக்கு பழகி, இன்று டம்ளருக்கு 3 கிராமில் வந்து நிற்கிறது. பழைய காபியைக் குடித்தால் எங்களுக்கே திகட்டுகிறது. வெள்ளிக்கிழமை மதியம் அத்தைக்கு ஒரு சின்னக் கிண்ணம் பாயசம், இல்லையென்றால் ஒரு ஸ்பூன் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாப்பாட்டோடு சேர்த்து, எல்லாரோடும் உட்கார்ந்து. அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்கிறார். மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. மற்றவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். போன மாதம் அத்தையின் மூன்று மாதச் சராசரி 7.2.

சோற்றை ஏன் சொல்கிறேன் என்றால், நோய்க்கே 'சர்க்கரை' என்று பெயர் வைத்ததால் எல்லாப் பழியும் இனிப்பின் மேல் விழுந்துவிடுகிறது. ஆறு இட்லியும் குவியலாகச் சோறும் தப்பித்துவிடுகின்றன. இந்தியர்களின் உணவில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2025இல் சொன்னது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினாலும், மொத்த அளவைக் குறைக்காவிட்டால் நோய் வரும் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எங்கள் கருப்பட்டிக் கதையும் அதுதானே.

சரி, இனிப்புக்குப் பதிலாகப் போடும் மாத்திரைகள், சீனித்துளசி (ஸ்டீவியா)? உடல் எடையைக் குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். கடையில் 'சர்க்கரை இல்லாத இனிப்பு' என்று விற்பதில் நெய்யும் கோவாவும் மைதாவும் அப்படியேதான் இருக்கின்றன.

உங்கள் கட்டுரையில் ஒரு வரியை அவசியம் திருத்த வேண்டும். குழந்தைகளுக்குத் தேன் கொடுங்கள் என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியால் பச்சிளங்குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து வரலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருப்பதால் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சமையல் குறிப்புகளில் 'சீனி: தேவையான அளவு' என்று வருகிறது. எத்தனை பேருக்கு, எத்தனை கிராம் என்று அச்சிட்டால், தலைக்கு எவ்வளவு என்று படிக்கிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். தீபாவளி மலரிலிருந்தே தொடங்கலாம். எங்கள் வீட்டுப் பாசிப்பருப்புப் பாயசத்தின் அளவை நானே தருகிறேன்: ஆறு பேருக்கு 90 கிராம் கருப்பட்டி, சுக்கும் ஏலக்காயும் கொஞ்சம் தூக்கலாக. அத்தை அதில் பாதிக் கிண்ணம்தான் எடுத்துக்கொள்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோவில்பட்டி